கட்டைப்பையில் மூணு வருசம்

கேள்வி: எனக்கு 43 வயது. பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். அத்தைக்கு முழங்கால் வலி, எழுந்து நடக்க ஆள் துணை வேண்டும். இரண்டு மாடு. பையன் எட்டாவது. மகள் பிளஸ் டூ எழுதப் போகிறாள், ஜூன் மாதம் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். அவள் கையில் நான் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஆசை. அத்தையின் பழைய நூல் சேலைகளையும் மகளின் சின்ன வயசுக் கவுன்களையும் கட்டைப்பையில் எடுத்து வைத்து மூன்று வருடம் ஆகிறது. மத்தியானம் அரை மணி கிடைத்தால் பையைக் கொட்டுகிறேன்; எதற்கு எது பொருந்தும் என்று பார்ப்பதற்குள் மாடு கத்துகிறது, அல்லது அத்தை கூப்பிடுகிறார். இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. வீட்டுக்காரர், 'கடையில ஆயிரம் ரூவாய்க்கு நல்ல போர்வையே கெடைக்குது, எதுக்கு இந்தக் கூத்து' என்கிறார். இதற்கு எப்படி நேரம் ஒதுக்குவது? இப்படி ஆசைப்படுவது சுயநலமா?

பதில்:

அம்மிணி, உங்கள் கட்டைப்பையை எனக்கு நன்றாகத் தெரியும். ஜவுளிக்கடைப் பை, ஒரு காது பிய்ந்திருக்கும், நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, வீட்டைக் கூட்டி வழிக்கும்போது மட்டும் இடம் மாறும். என் வீட்டிலும் ஒன்று இருந்தது. பெரியவன் வயிற்றில் இருக்கும்போது அவனுக்கென்று வெட்டி வைத்த துணி அது. அவன் இரண்டாம் வகுப்புப் போகிற வருடம்தான் போர்வையானது. அதற்குள் அவன் கால் போர்வைக்கு வெளியே நீள ஆரம்பித்துவிட்டது. இத்தனைக்கும் அப்போது என் பிழைப்பே தையல்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 22 வருடம், அதில் பாதிக்கு மேல் சாம்பிள் பிரிவில். ஒண்ணரை ஷிப்ட் தைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஊசியைக் கண்டாலே எரிச்சல் வரும்.

ஆனால் அந்தப் போர்வையை எப்படி முடிப்பது என்பதையும் அந்தக் கம்பெனியில்தான் படித்தேன்.

பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் டெய்லர் எழுந்திரிக்கவே மாட்டார். துணியைத் தேட மாட்டார், அளக்க மாட்டார், 'இந்தக் கைக்கு இந்த உடம்பு பொருந்துமா' என்று யோசிக்கவும் மாட்டார். கட்டிங் மாஸ்டர் முன்னாலேயே எல்லாவற்றையும் வெட்டி, அளவுவாரியாகக் கட்டி, சீட்டுக் குத்தி, பண்டில் பண்டிலாக அனுப்பிவிடுவார். டெய்லருக்குக் கட்டை அவிழ்ப்பது, தைப்பது, அந்தப் பக்கம் போடுவது மட்டும்தான் வேலை. பிசிர் வெட்ட வேறு ஆள், மடிக்க வேறு ஆள், செக்கிங்குக்கு வேறு ஆள். ஒரு நாளில் அத்தனை சட்டை வெளியே வருவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம், டெய்லரின் வேகம் அப்புறம்தான்.

நீங்களோ அந்த அரை மணியில் கட்டிங் மாஸ்டர், டெய்லர், பிசிர் வெட்டுபவர், செக்கிங் என்று எல்லாமாகவும் இருக்கப் பார்க்கிறீர்கள். பையைக் கொட்ட ஐந்து நிமிடம், நிறம் பார்க்கப் பத்து நிமிடம், கத்தரிக்கோலைத் தேட ஐந்து. மிஷின் மூடியைத் திறக்கும்போது மாடு கத்தாமல் என்ன செய்யும்? உங்களுக்கு நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. விரிப்பதும் அள்ளி வைப்பதும் அதைத் தின்றுவிடுகின்றன. அதனால் உங்களை நான் நாலு மணிக்கு எழுந்திரிக்கச் சொல்லப் போவதில்லை. வெட்டுகிற வேலையையும் தைக்கிற வேலையையும் பிரித்துவிடச் சொல்கிறேன். வெட்டுவது ஒரே ஒரு நாள். அதற்கப்புறம் தைப்பது தினம் கால்மணி நேரம்.

கணக்கைச் சொல்கிறேன். ஹாஸ்டல் கட்டிலுக்கு நாலடிக்கு ஆறடி போதும், அதாவது 48 இன்ச்சுக்கு 72. ஆறரை இன்ச் சதுரமாக வெட்டினால் சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குப் போக ஆறு இன்ச் நிற்கும். வரிசைக்கு எட்டுச் சதுரம், பன்னிரண்டு வரிசை. மொத்தம் 96 சதுரம். சேலையை அகலவாக்கில் ஏழு இன்ச் கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்றில் ஆறு சதுரம் கிடைக்கும். அத்தையின் நாலு சேலையில் ஒவ்வொன்றிலும் மூன்று கீற்று எடுத்தால் 72 சதுரம். மீதி 24 மகளின் கவுன்களில். ஆக, ஒவ்வொரு வரிசையிலும் ஆறு சதுரம் அப்பத்தாவுடையது, இரண்டு பேத்தியுடையது. சேலையில் நடுப்பகுதி நைந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவத்துக்குள் மறைந்த இடமும் முந்தானைக்கு முந்தின பகுதியும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும்.

இந்த வெட்டும் வேலையை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீளவாக்கு நூலான பாவு எது, குறுக்கு நூலான ஊடை எது என்று துணியைத் தொட்டே சொல்கிறவர் அவர். சதுரம் நூல் போக்கில் இல்லாமல் கோணலாக வந்தால் தைக்கும்போது இழுத்துக்கொண்டு போகும், போர்வை அலை அலையாக நிற்கும். யூடியூபில் பார்த்துத் தைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். தறிக்காரருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. நெய்த நூல் துணி என்றால் ஓரத்தில் ஒரு வெட்டுக் கொடுத்துக் கிழித்தாலே நூல் போக்கில் நேராகப் போகும், கத்தரியே வேண்டாம். அவர் கிழிக்கட்டும். காலண்டர் அட்டையில் ஆறரை இன்ச் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு நீங்கள் பிசிரை நறுக்குங்கள். எந்தச் சேலையில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தாலும் அவரையே கேளுங்கள். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். உருகுகிறதை இந்தப் போர்வையில் சேர்க்காதீர்கள். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருங்கிவிடும்.

'எதுக்கு இந்தக் கூத்து' என்று கேட்கிறவரிடம் எப்படிக் கொடுப்பது என்பீர்கள். அவர் சொல்லும் விலைக் கணக்கில் தப்பில்லை, அதில் மல்லுக்கு நிற்காதீர்கள். மலிவாக வரும் என்பதற்காகவா தைக்கிறீர்கள்? 'எனக்கு நேராக் கிழிக்க வர்றதில்லீங்க, சித்தெ வந்து கிழிச்சுக் குடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். தொழில் தெரிந்த ஆளிடம் தொழிலைக் கேட்டால் மாட்டேன் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே 96 சதுரத்தையும் கட்டிலில் பரப்பி நிறம் பார்த்துவிடுங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசை வரிசையாக அள்ளி, மேலே எண் எழுதிய சீட்டை வைத்துச் சேஃப்டி பின் குத்துங்கள். பன்னிரண்டு பண்டில். இந்த நாளுக்கு அப்புறம் நிறத்தை மாற்றுவது, புதிதாகத் துணி சேர்ப்பது எதுவும் கூடாது. இதில் மட்டும் கம்பெனி மேஸ்திரி மாதிரி கறாராக இருங்கள். இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன்: திங்கள் இரவு ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை கூடுகிறது, நல்ல துணி வருகிறது என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். தைக்காமல் தள்ளிப்போட எளிய வழி துணி வாங்கப் போவது. என் பீரோ சாட்சி.

ஒரு பண்டில் என்றால் ஏழு தையல், அவ்வளவுதான். கால்மணி நேரத்தில் முடியும். அவிழ்த்துத் தைத்து, சீட்டோடு திரும்பப் பின் குத்திப் போட்டுவிட்டு எழுந்திரியுங்கள். தினம் முடியும் என்று நான் நம்பவில்லை. பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி, ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வரும். மகளின் பரீட்சை வேறு. வாரத்துக்கு மூன்று பண்டில் என்று வையுங்கள், பன்னிரண்டு வரிசைக்கு ஒரு மாதம். வரிசைகளை ஒன்றோடொன்று கூட்ட பதினொரு நீளத் தையல், அதற்கு இரண்டு வாரம். இப்போது மாசிதான் நடக்கிறது. ஜூனுக்குள் தாராளமாக முடியும்.

எந்த நேரத்தில் உட்காருவது? உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தை கண் அசரும் நேரம் என்றுதான் சொல்லுவேன். சாயங்காலப் பால் கறக்க இன்னும் நேரம் இருக்கும், பையனும் வந்திருக்க மாட்டான். இரவு பத்து மணி வேண்டவே வேண்டாம். ஒண்ணரை ஷிப்ட் முடிகிற நேரத்தில் கண் சொருகி ஊசி என் ஆட்காட்டி விரல் நகத்துக்குள் இறங்கியது. குளிர்காலத்தில் இன்னும் அந்த இடம் விண்ணென்று தெறிக்கும். அதைவிட, தூக்கத்தில் தைத்ததைக் காலையில் பிரிக்க வேண்டும். கால்மணி நேரத்தில் தைத்ததைப் பிரிக்க முக்கால் மணி ஆகும். அது நஷ்டக் கணக்கு.

மிஷினை மூடி வைக்காதீர்கள். ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரு மூலையில் வெளிச்சம் பார்த்துப் போட்டு, ஒரு துண்டால் மட்டும் மூடுங்கள். தறி ஓடுகிற வீட்டில் பஞ்சுத் தூசி பறக்கும். வாரம் ஒருமுறை பாபின் கேஸைக் கழற்றித் துடைக்காவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், உங்கள் கால்மணி அதிலேயே போய்விடும். சதுரங்களைக் கூட்ட 14 நம்பர் ஊசி, கடைசியில் ஓரம் மடிக்க 16. இஸ்திரி தினம் போட வேண்டாம். பையனின் யூனிஃபார்மைத் தேய்க்கிற அன்றைக்கு இதையும் சேர்த்துத் தேய்த்தால் போதும்.

யாராவது கூப்பிட்டால்? கூப்பிடத்தான் செய்வார்கள். மிஷின் முன்னால் இருக்கிற பெண் சும்மா இருக்கிறாள் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள், அவள் சம்பளத்துக்குத் தைத்தால் ஒழிய. எனக்கே நடந்திருக்கிறது. அடுத்த வீட்டு ஜாக்கெட் தைக்கும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். என் பிள்ளைக்குத் தைக்கும்போது 'சும்மாத்தானே இருக்கறே' என்பார்கள். அத்தை விழப் போகிறார் என்றால் ஓடுங்கள், அதில் பேச்சே இல்லை. பையனுக்குக் காம்பஸ் பெட்டி காணவில்லை என்றால், 'இந்த வரிசை முடியட்டும் கண்ணு' என்று சொல்லுங்கள். எட்டாவது படிக்கிறவன் ஒரு கால்மணி தேடிப் பார்க்கட்டும். வீட்டுக்காரர் கூப்பிட்டால், 'பாவு அறுந்து புணைச்சிட்டு இருக்கும்போது நான் கூப்பிட்டா நீங்க வருவீங்களா?' என்று கேளுங்கள். கோபமாகக் கேட்காதீர்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

இனி உங்கள் அத்தை. கடிதத்தில் அவரை உங்களைக் கூப்பிடுகிற ஆளாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சேலை அவருடையது அல்லவா? முழங்கால்தானே முடியவில்லை, கை நன்றாக இருக்கிறதா? அப்படியானால் பாதிப் போர்வை அவர் கையில்தான் முடியப் போகிறது.

மேல்துணி தயாரானதும் நடுவில் ஓர் அடுக்கு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டை நடுவில் வைக்காதீர்கள். நம் பக்கத்துக்கு அது சூடு. ஹாஸ்டல் பிள்ளை பக்கெட்டில் ஊறவைத்துத் துவைத்துக் கொடியில் காயப்போட வேண்டும், அதையும் யோசியுங்கள். எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்தால் கிட்டத்தட்ட நம் அளவு வரும். ஓர் இன்ச் குறைந்தால் ஒட்டுக் கொடுங்கள், உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது? அடிக்கு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சென்னிமலை பெட்ஷீட் ஏதாவது இருந்தால் அதைவிட நல்லது இல்லை. கூலித் தறித் துணியில் கை வைக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அடித்துணியைச் சுற்றிலும் இரண்டு இன்ச் கூடுதலாக, 52-க்கு 76 ஆக வெட்டுங்கள். கடைசியில் அதையே முன்பக்கம் மடித்து ஓரம் தைத்துவிடலாம்.

மூன்று அடுக்கையும் வீட்டு மிஷினில் நுழைத்துக் கோடு கோடாகத் தைப்பதுதான் எல்லோரும் பாதியில் விடுகிற இடம். பாரம் இழுக்கும், சுருக்கம் விழும், கழுத்து வலிக்கும். அதைச் செய்யாதீர்கள். முடிச்சுப் போடுங்கள். நாலு சதுரம் கூடுகிற ஒவ்வொரு மூலையிலும் பெரிய காது ஊசியால் எம்ப்ராய்டரி நூலைக் கீழே இறக்கி மேலே ஏற்றி, இரட்டை முடிச்சு. குறுக்கே ஏழு, நெடுக்கே பதினொன்று, மொத்தம் 77 முடிச்சு. இதற்கு மிஷினும் வேண்டாம், நடையும் வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டு, சீரியல் பார்த்துக்கொண்டே போடலாம். ஒரு நாளைக்கு ஏழு என்றால் பதினொரு நாள். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது என்பார். நூலை அறுக்காமல் அதன் நுனியைப் பத்து ஊசிக் காதுக்குள் வரிசையாக விட்டு வைத்துவிடுங்கள். வேண்டும்போது முன்னால் நிற்கும் ஓர் ஊசியோடு ஒரு முழம் நூலை இழுத்து அறுத்துக்கொண்டால் போதும், மீதி ஒன்பதும் நூல்கண்டோடு நிற்கும். காலையில் ஒரு நிமிட வேலை.

இப்படி மடியில் வைத்துப் பழந்துணியைத் தைப்பது நமக்கு அக்கட்டால இருக்கிற கர்நாடகத்தில் பழைய பழக்கம்தான். 'கவுதி' என்பார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி என்கிற சமூகத்துப் பெண்கள் ஒரு பழஞ்சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கித் துண்டு துண்டாக வைத்து, ஓடுதையலில் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். முன்கூட்டி அளவுச் சதுரம் வெட்டுவது கிடையாது, கிடைத்த துண்டு கிடைத்த வடிவத்தில். மூலையில் மடித்த துணியால் ஒரு பூ வைப்பார்கள். இந்தப் போர்வை முடிந்ததும் மிச்சத் துண்டுகளை அத்தையிடம் கொடுத்துப் பாருங்கள், அந்த முறை அவருக்குப் பிடிக்கலாம்.

உங்கள் சதுரங்கள் எல்லாம் மூலைக்கு மூலை சரியாகச் சேராது. சேராவிட்டால் பிரிக்காதீர்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பண்ணை வேலை செய்த கருப்பினப் பெண்கள், முழங்கால் தேய்ந்த வேலை உடுப்புகளைக்கூட விடாமல் கிழித்து ஒட்டுப் போர்வை தைத்தார்கள். கோடு நேராக ஓடாது, பட்டை ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது, 2006-ல் அந்த நாட்டுத் தபால்தலையிலும் வந்தன. உங்கள் போர்வை தபால்தலையில் வர வேண்டாம், ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். கால் இன்ச் கோணல் அதைத் தடுக்காது.

தடுக்கக்கூடியது வேறு இரண்டு. ஒன்று சாயம். வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் அலசிவிடுங்கள். அரக்குச் சிவப்பு, அடர் நீலம் என்றால் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று பனியன் துணி. மகளின் கவுன்களில் பனியன் துணியில் தைத்தது ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும், திருப்பூர் பக்கத்தில் இல்லாமல் இருக்காது. பின்னிய துணி இழுபடும், நெய்த துணி இழுபடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் ஒன்று உப்பும், ஒன்று சுருங்கும். கம்பெனி கட்பீஸ் சும்மாக் கிடைக்கிறதே என்று என் இரண்டாவது போர்வையில் கலந்து தைத்தேன். அது இன்றைக்கு மாட்டுக்குக் குளிருக்குப் போர்த்துகிற சாக்காக இருக்கிறது, மாடு குறை சொல்லவில்லை.

போர்வை நன்றாக வந்தால் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். 'எனக்கொண்ணு தெச்சுக் குடுங்க, காசு வாங்கிக்குங்க' என்பார்கள். வீட்டிலும், 'பரவால்லியே, இதையே தொழிலாப் பண்ணலாமே' என்ற பேச்சு வரும். தையல் வகுப்பு எடுக்கிற நானே சொல்கிறேன், உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். இத்தனை மணி நேரத்துக்குத் திருப்பூர்க் கூலியைப் போட்டால்கூட எவரும் கொடுக்காத விலை வரும். குறைத்து வாங்கினால் அது கூலித் தறியாகிவிடும், மத்தியானம் உங்களுக்கு இருக்கிற அந்தக் கால்மணியும் ஷிப்டில் சேர்ந்துவிடும். காசு வராத வேலை ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளுக்குப் போர்த்த, அத்தையின் சேலையில், வீட்டுக்காரர் கிழித்துக் கொடுக்கத் தைப்பது எந்தக் கணக்கில் சுயநலம்? சரி, உங்களுக்கே உங்களுக்கென்று ஒன்று தைத்தாலும் என் பதில் இதுதான்.

மகளிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம், பரீட்சை முடியட்டும். முடிச்சுக்கு எந்த நிற நூல் என்று அத்தையிடம் கேட்டு வாங்கி வையுங்கள். பையை இன்றைக்கே கொட்டி, பனியன் துணியைத் தனியாக எடுத்துவிட்டு, மீதியை ஊறப்போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்குமல்லவா, அன்றைக்கே கிழிச்சுத் தரச் சொல்லுங்க.